ஜீர்ணோத்தாரணர்

துக்கம் விசாரிக்கப் போன வீட்டில், உட்காரச் சொல்லிப் போட்ட நாற்காலியில் உடனே உட்காராமல், அதை மெல்ல ஒருக்களித்துச் சாய்த்து, அடிப்பக்கத்துக் கழுந்துகளைக் கண்ணாலும் விரலாலும் பரிசோதித்து, ஆட்காட்டி விரலின் கணுவால் இருமுறை தட்டி, அதில் எழுந்த நாதத்தில் ஒருவாறு திருப்தியடைந்த பிறகே ஆசனத்தை அங்கீகரிக்கும் மனிதரை நீங்கள் எங்கேனும் பார்த்திருந்தால், அவரே நான் சொல்லவந்த ஜீர்ணோத்தாரணர். காலஞ்சென்றவருடைய குணாதிசயங்களைப் பற்றி மற்றவர்கள் தழுதழுத்த குரலில் பேசிக்கொண்டிருக்கையில், இவருடைய பார்வை மாத்திரம் கூடத்து மூலையில் பழைய செய்தித்தாள்களைச் சுமந்துகொண்டு நிற்கும் பீரோவின்மீது ஊன்றியிருக்கும். பதின்மூன்றாம் நாள் சுபம் முடிந்து, கேட்பதற்கு உசிதமான சமயம் வந்துவிட்டது என்று தமக்குள் நிச்சயித்துக்கொண்டு, இறந்தவரின் பிள்ளையைத் தனியே அழைத்து, "அப்பாவோட அந்த பீரோவை என்ன பண்றதா உத்தேசம்?" என்று கேட்பார். குரலில் பேராசையின் சாயல் லவலேசமும் இராது. அநாதைக் குழந்தை ஒன்றை யார் பராமரிக்கப் போகிறார்கள் என்று விசாரிக்கிற தயாளகுணமே அதில் தொனிக்கும்.

இந்த வர்க்கத்தார் பெரும்பாலும் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள். அதிலும் கணக்கு, தணிக்கை, வங்கி முதலிய, கையில் சுத்தியல் பிடிக்கும் அவசியமே இல்லாத இலாகாக்களில் காலங்கழித்தவர்கள். நான் நன்கறிந்த ஒருவர் மேற்கு மாம்பலத்துவாசி. ஓய்வு பெற்ற மறுவாரம், பரணைச் சுத்தம் செய்யப்போய், தாத்தா காலத்துச் சாய்வு நாற்காலி ஒன்றைக் கை வேறு கால் வேறாகக் கண்டெடுத்ததிலிருந்து அவருடைய அவதாரம் ஆரம்பமாகிறது. கால்களை நீட்டி வைத்துக்கொள்வதற்கென்றே இரு பக்கமும் பலகைக் கைகள் சுழன்று நீளுமே, பழைய தோட்டத் துரைமார் பங்களா வராந்தாக்களில் கிடக்குமே, அந்த ஜாதி நாற்காலி. அதன்மேல் பூசியிருந்த பச்சை எனாமலை உப்புத்தாளால் தேய்க்கத் தேய்க்க, அதனடியில் ஒரு நீலமும், நீலத்தினடியில் ஒரு காவியும், காவியினடியில் தேனின் நிறத்தில் பர்மாத் தேக்கும் வெளிப்பட்டபோது, முப்பது வருஷம் பேரேடுகளைப் புரட்டியும் கிட்டாத ஏதோ ஒரு தரிசனம் தமக்குக் கிட்டிவிட்டதாக அவர் உணர்ந்தாராம். அன்றைக்குச் சாப்பாட்டுக்கு நான்கு தரம் கூப்பிட்டும் அவர் எழுந்து வரவில்லை என்பது அவர் மனைவியான மாமியின் சாட்சியம்.

பரண் காலியானபின் க்ஷேத்திராடனம் தொடங்கிற்று. மற்றவர்கள் காசிக்குப் போகிற வயதில் இவர் காரைக்குடிக்குப் போனார். அங்கே முனீஸ்வரன் கோயில் தெருவில், இடிபட்ட செட்டிநாட்டு வீடுகளின் நிலைக்கதவுகளும், தூண்களும், ஊஞ்சல் பலகைகளும், மாக்கல் சட்டிகளும், கடல் கடந்து வந்த எனாமல் பாத்திரங்களும் மலைமலையாகக் குவிந்து கிடக்கும் கடைகளைக் கண்டவுடன், இவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்ததாகக் கூடச்சென்ற மைத்துனர் சொல்கிறார். கடைக்காரர் கூறும் வரலாற்றை இவர் நம்புவதில்லை. பீரோவின் இழுப்பறையை முழுதாக உருவி, அதற்குள் முகத்தை நுழைத்து ஆழ மூச்சிழுத்து, மணத்தைக்கொண்டே வயதைச் சொல்லுவார். நேற்றுச் செய்த சாமானுக்கு டீத்தண்ணீரும் கரிப்பொடியும் பூசி நூறு வயது கூட்டிவிடுகிற வித்தையெல்லாம் அவரிடம் செல்லாது. செல்லாது என்று அவர் சொல்லுகிறார். கூடத்தில் நிற்கிற வெற்றிலைப்பெட்டி ஒன்றைப் பற்றி நான் வாய் திறப்பதில்லை.

வீட்டுக்கு வந்தவர்கள் எவராயினும், அவர்கள் கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தவர்களாகவே இருந்தாலும், முதலில் தேக்கின் சரித்திரத்தைக் கேட்டாக வேண்டும். 1840களில் மலபார்க் கலெக்டர் கானலி, சாத்து மேனனைக்கொண்டு நிலம்பூரில் தேக்குத் தோப்பு வைத்ததில் கதை தொடங்கும். பர்மாவில் தேக்கு வெட்டும் ஆங்கிலக் கம்பெனி ஒன்றுக்கு மாண்டலே தர்பார் அபராதம் விதித்ததைச் சாக்காக வைத்து 1885-இல் யுத்தம் மூண்டதையும், தீபா மன்னர் ராஜ்யத்தை இழந்து ரத்னகிரிக்குச் சிறையாக அனுப்பப்பட்டதையும் அவர் வர்ணிக்கும்போது, ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் நாற்காலியின் கையை ஒரு தட்டுத் தட்டுவார். அந்த மன்னருடைய துரதிர்ஷ்டத்துக்கு அந்த நாற்காலியும் ஓரளவு உடந்தை என்பதுபோல் நமக்குத் தோன்றிவிடும். பத்திரிகை கொடுக்க வந்தவர், முகூர்த்தம் என்றைக்கு என்று சொல்ல மறந்து எழுந்து போவார்.

அவருடைய சாஸ்திரத்தில் விலக்குகள் அதிகம். வெள்ளைப் பசை டப்பாவை அவர் தீண்டமாட்டார். இரும்பாணியைப் பார்த்தாலே முகம் சுளிப்பார். மூங்கில் ஆணியும் வச்சிரமுமே அவருக்குச் சம்மதம். வச்சிரம் என்பது மாட்டின் தோலையும் எலும்பையும் காய்ச்சியெடுத்த பசை. அதை நேரே நெருப்பில் வைக்கலாகாது. வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரமாக வைத்து, ஏறக்குறைய 60 டிகிரி சூட்டில் இளக்கவேண்டும். கொதித்துவிட்டால் பிடிமானம் போய்விடும். இந்த லக்ஷணங்களெல்லாம் பொருந்திய பாத்திரத்துக்காக அவர் வெகுநாள் தேடியலைந்து, கடைசியில் அது தம் வீட்டு அடுக்களையிலேயே பால் குக்கர் என்ற நாமதேயத்துடன் இத்தனை காலமும் விசிலடித்துக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்தார். வெங்காயத்தைக்கூட வாசற்படியோடு நிறுத்திவிடுகிற அவருடைய வயோதிகத் தாயார், பின்கட்டிலிருந்து வந்த வாசனையைப் பற்றிக் கேட்டபோது, "வடதேசத்து மரப்பிசின், அம்மா" என்று பதில் சொன்னார். அந்த அம்மையார் அதை நம்பினாரோ, நம்பியதாகக் காட்டிக்கொண்டாரோ தெரியாது. அன்றிலிருந்து தமக்குப் பாலே ஆகவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டார். பிற்காலத்தவன் ஒருவன் நாற்காலியின் மூட்டுகளைப் பிரித்துப் பழுதுபார்க்க விரும்பினால், கொஞ்சம் ஈரமும் சூடும் காட்டிய மாத்திரத்தில் வச்சிரம் விட்டுக்கொடுக்கும் என்பது இவ்வளவு கஷ்டத்துக்கும் அவர் கூறும் நியாயம். நியாயம் சரியானதே. அந்தப் பிற்காலத்தவன் பெங்களூரில் அடுக்குமாடி வீட்டில் இருந்துகொண்டு, "அதையெல்லாம் யாருக்காவது கொடுத்துடுங்கோப்பா" என்று வாராவாரம் தொலைபேசியில் சொல்லுகிற அவருடைய சொந்தக் குமாரன்தான்.

பசையைக் காட்டிலும் கடுமையானது பாலிஷ் நோன்பு. இலந்தையிலும் பலாசிலும் ஒட்டி வாழும் அற்பமான பூச்சி ஒன்று கக்கிய அரக்கை, அவல் அவலாக இருக்கும் அவலரக்காக வாங்கி, ஸ்பிரிட்டில் ஓரிரவு ஊறவைத்து, வடிகட்டி, பஞ்சைப் பழைய மல் வேஷ்டித்துண்டுக்குள் முடிந்துகொண்டு, நுனியில் ஒரு சொட்டு எண்ணெய் தொட்டு, எட்டு என்ற எண்ணை எழுதியெழுதி அழிப்பதுபோல் மரத்தின்மேல் ஓட்டவேண்டும், உலரவிட வேண்டும், மறுபடி ஓட்டவேண்டும். கை ஒரு க்ஷணம் ஓரிடத்தில் நின்றுவிட்டாலும் துணி ஒட்டிக்கொண்டு தடம் விழும். அவர் பாலிஷ் போடும் நேரத்தில் வீட்டில் மின்விசிறி சுழலாது, அழைப்பு மணிக்கு எவரும் போகமாட்டார்கள். ஐப்பசி கார்த்திகையில் காற்றில் ஈரம் ஏறிவிட்டால் அத்தனை பாலிஷும் பால் கலந்தாற்போல் வெளுத்துவிடும். அப்போது அவர் வடகிழக்குப் பருவமழையைப் பற்றிச் சொல்லும் வார்த்தைகளை ஏரிகள் வறண்ட வருஷத்தில் கூடச் சென்னைவாசி எவரும் சொல்லத் துணியார்.

அவரிடம் வேலைக்கு வரும் ஆசாரி வாய் திறவாத மனிதர். திறந்தால், "சாமி, இதுக்கு ஆவுற செலவுல புதுசாவே ரெண்டு செஞ்சுடலாம்" என்ற ஒரே வாக்கியம்தான் வெளிவரும். அதைச் சொல்லிவிட்டு இழைப்புளியைக் கையில் எடுத்துக்கொள்வார். சொன்னது கேட்கப்படாது என்பதும், கேட்கப்பட்டால் தமக்குத்தான் நஷ்டம் என்பதும் அவருக்குத் தெரியும்.

தோட்டத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தச் சித்திரம் பாதியில் நின்றுவிடும். தோட்டமென்றால், மாநகராட்சி விதிகளின் தயவால் வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவே கட்டாமல் விடப்பட்ட நாலு முழ அகல மண். அண்டையிலிருக்கும் தியாகராய நகரே 1920களில் ஏரியைத் தூர்த்து உண்டாக்கின பூமி. இந்தப் பக்கத்து மண்ணும் களிமண்தான். அதைத் தோண்டி வெளியேற்றிச் செம்மண்ணும் எருவும் வேப்பம்புண்ணாக்கும் நிரப்பினார். இதுவரையில் குறைசொல்ல எதுவுமில்லை. குண்டுமல்லியை நவம்பர்க் கடைசி வாரத்தில் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரத்தில் கவாத்து செய்யவேண்டும் என்று படித்து, மர அளவுகோலை நிறுத்தி ஒவ்வொரு கிளையையும் அளந்து வெட்டியதும் சாஸ்திரோக்தமானதே. ஆனால் மாசியில் அது தளிர்விட்டுப் பங்குனியில் மொக்குக் கட்டி, மாமி பூத்தொடுக்க நாரை நனைத்து வைத்துக்கொண்டு காத்திருந்த சமயத்தில், அந்தச் செடி தென்கிழக்கில் நிற்பது கண்ணுக்கு உறுத்துகிறது என்று தோண்டியெடுத்து வடமேற்கில் நட்டார். பவழமல்லி, நந்தியாவட்டை, கருவேப்பிலை ஒவ்வொன்றும் அந்த நாலு முழத்துக்குள் பிரதக்ஷிணம் வந்துகொண்டே இருக்கின்றன. வளரும் செடியைப் பார்த்தால் அவருக்கு அதில் ஏதோ ஒன்று சரியில்லை என்று தோன்றும். வாடிய செடியைக் கண்டாலோ உற்சாகம் பிறந்து, பஞ்சகவ்யக் குடத்தைத் திறந்து, பத்து லிட்டர் தண்ணீருக்கு முந்நூறு மில்லி என்று அளந்து தெளிக்க ஆரம்பித்துவிடுவார். காற்று தெற்கிலிருந்து அடித்தால் வச்சிரம், வடக்கிலிருந்து அடித்தால் பஞ்சகவ்யம் என்று பக்கத்து வீட்டார் ஜன்னல்களை அதற்கேற்பத் திறந்து மூடக் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

இதில் நான் கண்ட அதிசயம் இது: செத்து நூறு வருஷமான மரத்துக்கு அந்த வீட்டில் கிடைக்கிற ஸ்திரவாசம் உயிரோடிருக்கிற செடிக்குக் கிடையாது. நாற்காலியை ஓர் அங்குலம் நகர்த்தினாலும் கோபம் வரும். செடி ஒரு பருவம் நகராமலிருந்தால் தூக்கம் வராது. ஆசனங்களுக்குக் குறைவே இல்லாத அந்த வீட்டில், வந்த விருந்தாளி உட்காருவது பிளாஸ்டிக் நாற்காலியில்தான். பிரம்புச் சோபாவில் பின்னல் புதிது, இன்னும் இறுகவேண்டும்; ரோஸ்வுட் நாற்காலியில் பாலிஷ் இன்னும் ஒரு கை பாக்கி; ஊஞ்சல் பலகைக்குச் சங்கிலி வரவேண்டும். சூடான காபி டம்ளரை எங்கும் வைக்கலாகாது, அரக்குப் பாலிஷ் வட்டமாக வெளுத்துவிடும். ஆகவே விருந்தாளி டபராவை ஒரு கையிலும் டம்ளரை ஒரு கையிலும் ஏந்தி, தீபா மன்னருக்காக அனுதாபத்துடன் தலையையும் ஆட்டிக்கொண்டிருக்க வேண்டியது. அவருக்கு எதிராக இத்தனையும் சொல்லும் நான், மரத்தூளை அழுத்திச் செய்த இக்காலத்து மேஜையின்மேல் ஒருநாள் மழைச்சாரல் பட்டால் அது ஊதிப் பிரிகிற அழகையும் பார்த்திருக்கிறேன். விவாதம் என்று வந்தால் நான் அவர் பக்கந்தான். விருந்துக்கு மாத்திரம் வேறு வீட்டுக்குப் போவேன்.

போன சித்திரையில் யாரும் எதிர்பாராத ஒன்று நடந்துவிட்டது. எல்லா வேலையும் முடிந்துபோயிற்று. கடைசிக் கழுந்தும் இறுகிற்று, கடைசிப் பாலிஷும் கண்ணாடியாய் நின்றது, செடிகள் யாவும் அதனதன் இடத்தில் பூத்தன. மூன்றாம் நாள் அவருக்குத் தலைவலி. ஐந்தாம் நாள் பசியில்லை. டாக்டர் ரத்தத்தைச் சோதித்து எல்லாம் சரியாயிருக்கிறதென்று சொல்லி, அதற்கும் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். பெங்களூர்ப் பிள்ளை, காற்று மாறினால் குணமாகும் என்று ரயில் டிக்கெட் எடுத்து அனுப்பினான். அவர் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, தம் கைவேலைகளை வெறுமையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமி இரண்டு நாள் பொறுத்தாள். அடுத்த நாள் பிற்பகல், அடுப்பிலிருந்து இறக்கின கையோடு காபியைத் தளும்பத் தளும்ப டம்ளரில் ஊற்றிக்கொண்டு, நேரே கூடத்துக்கு வந்து, தாத்தாவின் சாய்வு நாற்காலியில் அமர்ந்து, பலகைக் கைகளைச் சுழற்றி நீட்டி, பாதங்களை ஒன்றின்மேலும் டம்ளரை மற்றொன்றின்மேலும் வைத்துக்கொண்டு, கண்ணை மூடினாள். அவர் அலறியபடி ஓடிவந்து டம்ளரைத் தூக்கியபோது, ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய வெள்ளை வட்டம் ஒன்று தேக்கின்மேல் பளிச்சென்று உதித்திருந்தது. குனிந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, விரலால் தடவி, முகர்ந்தும் பார்த்தார். "மேலோட வெளுத்திருக்கு, ஸ்பிரிட் தொட்டு ஒரு இழுப்பு இழுத்தா போயிடும்… இல்லே, கை பூராவையும் சுரண்டிட்டு முதல்லேருந்து போடறதுதான் முறை" என்று அவர் முணுமுணுத்துக்கொண்டே உப்புத்தாளைத் தேடிப் பின்கட்டுக்கு விரைந்தார். மாமி கண்ணைத் திறவாமலே குரல் கொடுத்தாள்:

"அப்படியே அந்தக் கருவேப்பிலையையும் ஒரு பார்வை பாருங்கோ. அந்த இடம் அதுக்குச் சரிப்படலையோன்னு தோணறது."