பென்டிரைவ் எடுக்காமை

பென்டிரைவ் எடுக்காமையாவது, லினக்ஸ் கணினியில் செருகிய சேமிப்புக் கருவியைக் கணினி கண்டும் காணாததுபோல் இருத்தல். ‘காட்டல’, ‘ஓப்பன் ஆகல’, ‘மவுண்ட் ஆக மாட்டேங்குது’ என்பன பாடபேதங்கள். விளக்கு எரிந்தும் எடுக்காமை, விளக்கே எரியாமல் எடுக்காமை என அஃது இருவகைப்படும். பின்னது பெரும்பாலும் போர்ட்டின் குற்றமாதலின் ஈண்டு ஆராயப்படாது.

இத்துறைக்கு மூலநூல் ஒரே ஒரு சூத்திரம். டெர்மினலில் மவுண்ட் கட்டளை கொடுத்துத் தோற்றவர்க்கெல்லாம் அது மனப்பாடம்: ‘ராங் எஃப்எஸ் டைப், பேட் ஆப்ஷன், பேட் சூப்பர்பிளாக், மிஸ்ஸிங் கோட்பேஜ் ஆர் ஹெல்ப்பர் புரோகிராம், ஆர் அதர் எரர்.’ ஐந்து குற்றங்களைப் பெயர் சொல்லிக் குறித்துவிட்டு, ஆறாவதாக ‘அல்லது வேறு பிழை’ என்று முடித்திருப்பதால், இதற்குள் அடங்காத தோல்வி உலகத்தில் இல்லை. இனி உரை.

‘ராங் எஃப்எஸ் டைப்’ என்றது, கோப்பு முறைமை கணினிக்குப் பழக்கமில்லாதது என்றவாறு. 64 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள பென்டிரைவ்கள் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் முறையில் வருகின்றன. அதன் விவரக்குறிப்பை மைக்ரோசாஃப்ட் 2019-இல்தான் வெளியிட்டது. சாம்சங் எழுதிக் கொடுத்த டிரைவர் 2020-இல் 5.7 கெர்னலில் முறையாக இடம்பெற்றது. அதற்கு முந்தைய கணினிகளில் எக்ஸ்ஃபேட்-ஃபியூஸ் என்ற பேக்கேஜைத் தனியே போட வேண்டும். ஆகவே அக்காவின் புது லேப்டாப்பில் திறந்த பென்டிரைவ் மாமாவின் பழைய கணினியில் திறக்காததற்குக் கண்ணேறு காரணமன்று.

‘பேட் ஆப்ஷன்’ என்றது, கட்டளையோடு கொடுத்த ஆப்ஷன் தவறு என்றவாறு. ஆப்ஷனே கொடுக்காதவரையும் இது குற்றம் சாட்டுவதால் பொருந்தாது என்று தள்ளுவாரும் உளர்.

‘பேட் சூப்பர்பிளாக்’ என்றது, வட்டின் முகவுரைப் பகுதி சிதைந்தது என்றவாறு. இங்கே நம்பிக்கைக்கு இடமுண்டு. எக்ஸ்ட்4 முறையில் சூப்பர்பிளாக்கின் நகல்கள் வட்டில் பல இடங்களில் கிடக்கும். வழக்கமான 4 கேபி பிளாக் அமைப்பில் முதல் நகல் 32768-ஆம் பிளாக்கில் இருக்கும். ஃபேட்32 முறையில் தொடக்க செக்டருக்கு ஒரு நகல் பெரும்பாலும் 6-ஆம் செக்டரில் உண்டு. ஏடு செல்லரித்துப் போனால் வேறு மடத்துப் பிரதியைத் தேடிப் போகும் பதிப்பாசிரியரைப்போல, எஃப்எஸ்சிகே கட்டளை இந்த நகல்களை வைத்து மூலத்தைச் செப்பனிடும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் எந்தப் பாடத்தைக் கொள்வது என்று நம்மையே கேட்கும். அதற்கு மட்டும் நம்மிடம் விடையிருப்பதில்லை.

‘மிஸ்ஸிங் கோட்பேஜ்’ என்பதற்குத்தான் விரித்துரைக்க வேண்டும். ஃபேட் முறையில் ஒரு கோப்புக்கு டாஸ் காலத்துக் குறும்பெயர் ஒன்றும், நீண்ட பெயர் ஒன்றும் இருக்கலாம். நீண்ட பெயர் யூனிகோடில் இருப்பதால் ‘அம்மாவின் மருந்துச் சீட்டு’ என்று தமிழிலேயே பெயர் வைக்கத் தடையில்லை. குறும்பெயரைப் படிக்கத்தான் கெர்னல் வழக்கமாகக் கோட்பேஜ் 437 என்ற எழுத்துப் பட்டியலைக் கேட்கும். 1981-இல் வந்த ஐபிஎம் பிசியின் பட்டியல் அது. அதில் தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை. ஆனால் சிரித்த முகம் இரண்டு உண்டு. ஆட்டின், டைமன், கிளாவர், இஸ்பேட் நான்கும் உண்டு. இந்தப் பட்டியலுக்குரிய மாட்யூல் கையில் கிட்டாவிட்டால் கெர்னல் பென்டிரைவையே திறக்காது. மருந்துச் சீட்டு வெளியே வர இஸ்பேட் குறியின் அனுமதி வேண்டும் என்பது இதன் பொழிப்புரை.

சூத்திரத்தோடு நின்றவர் கரையேறியதில்லை. அண்மைப் பதிப்புகளில் சூத்திரமே ‘மேலும் விவரம் டிமெஸ்ஜியில் இருக்கலாம்’ என்று ஒரு பின்குறிப்பைச் சேர்த்துக்கொண்டது. டிமெஸ்ஜி என்பது கெர்னல் தனக்குத்தானே பேசிக்கொள்வதன் பதிவு. ‘சூடோ டிமெஸ்ஜி -டபிள்யூ’ என்று கொடுத்துவிட்டுப் பென்டிரைவைச் செருகினால் வரிகள் வந்து விழும்: புதிய கருவி வந்தது, இன்ன கம்பெனி, இன்ன சீரியல் எண், 512 பைட் பிளாக்குகள் 15728640, அதாவது 8.05 ஜிபி. ‘நோ கேச்சிங் மோட் பேஜ் ஃபவுண்ட்’ என்றொரு வரியைக் கண்டு பலரும் பதறுவர், அது தீங்கற்றது. பதற வேண்டியவை மைனஸ் 71, மைனஸ் 110 என்ற எண்கள். முன்னது, கருவி பேசுவது கெர்னலுக்குப் புரியவில்லை என்பது; பின்னது, காத்திருந்தும் பதிலே வரவில்லை என்பது.

தீர்வு பற்றி மூன்று கட்சிகள் உண்டு. விவரமறிந்தவர்கள் முதல் இரண்டையும் பாமர வழக்கு என்று சிரித்து ஒதுக்குவர். சிரிப்புக்கு ஆதாரமில்லை என்பதே என் வாதம்.

‘புடுங்கிட்டு வேற ஓட்டைல சொருகிப் பாருடா’ என்பது முதல் கட்சி. மேசைக் கணினியின் முன்பக்கப் போர்ட்டுகள் உள்ளே ஒரு வயர் வழியாக மதர்போர்டுக்குப் போகின்றன. பின்பக்கத்தவை மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டவை. வயரில் கோளாறிருந்தால் மைனஸ் 71 முன்பக்கத்தில் வரும், பின்பக்கத்தில் வராது. மறுபடி செருகும்போது கெர்னலும் கருவியை முதலிலிருந்து விசாரித்து அறிகிறது. எனவே இக்கட்சி அறிவியல் வழிப்பட்டதே.

‘ரீஸ்டார்ட் பண்ணு’ என்பது இரண்டாவது. லினக்ஸுக்கு ரீஸ்டார்ட் தேவையே இல்லை என்று பெருமை பேசுவோருக்கு இது பிடிக்காது. ஆனால் ஆர்ச் போன்ற லினக்ஸ்களில் கெர்னலை அப்டேட் செய்தால், ஓடிக்கொண்டிருக்கும் பழைய கெர்னலின் மாட்யூல்கள் வட்டிலிருந்து நீக்கப்பட்டுவிடும். கணினி அதையறியாமல் ஓடிக்கொண்டிருக்கும். மாலையில் பென்டிரைவைச் செருகும்போதுதான் விஃபேட் மாட்யூல் எங்கே, 437 எங்கே என்று தேடும், கிடைக்காது. அன்றைக்கு அப்டேட் செய்தவர்க்கு ரீஸ்டார்ட்டே மருந்து.

இடையில் ஒரு பழியையும் துடைக்க வேண்டியுள்ளது. ஜெராக்ஸ் கடைக்காரர் எஜெக்ட் கொடுக்காமல் பிடுங்கியதால்தான் எல்லாம் கெட்டது என்பது வழிவழி வரும் குற்றச்சாட்டு. விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து ‘உடனே பிடுங்கலாம்’ என்ற அமைப்பே இயல்பாக வருகிறது. எழுத வேண்டியதை அது தேக்கி வைப்பதில்லை. தேக்குவது லினக்ஸ். படத்தைக் காப்பி செய்யும் பட்டை நூறு சதவீதத்தைத் தொட்ட பிறகும் கணிசமான பகுதி நினைவகத்திலேயே இருக்கும். இயல்பான அமைப்பில் 30 விநாடி பழையதான பிறகே அதை எழுதியாக வேண்டும் என்று கெர்னல் எண்ணும். ‘சிங்க்’ கொடுத்துக் காத்திருக்கப் பொறுமையற்று வீட்டிலேயே பிடுங்கியவர் பழியைக் கடைத்தெருவில் போடுகிறார். அப்படிப் பிடுங்கியதை ஃபேட் ‘எஃப்எஸ்சிகே ஓட்டுங்கள்’ என்று சொல்லிவிட்டுத் திறந்துவிடும். என்டிஎஃப்எஸ்3 அவ்வாறன்று, வால்யூம் அழுக்கு என்று கூறி வாசலிலேயே நிறுத்தும்.

மூன்றாவது ‘ஃபார்மட் அடிச்சிரு’ கட்சி. படித்தவர்களின் கட்சியும் அதுவே. எடுக்காத கோப்புகளை எடுப்பதற்கு அவற்றை அழிப்பதை வழியாகச் சொல்லும் இக்கட்சியின் தருக்கம் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. ஓயும் நிலையிலுள்ள பென்டிரைவுகளில் சில, எழுதுவதை மறுத்துப் படிப்பதை மட்டும் அனுமதிக்கும். டிடிரெஸ்க்யூ கொண்டு உள்ளதை உருவி எடுத்துக்கொள்ளக் கிடைக்கும் அவகாசம் அது. அதிலும் இவர்கள் ஃபார்மட் அடிக்கவே முயல்வர். இன்னும் சிலவற்றில் உள்ளிருக்கும் நினைவகச் சில்லு செத்து, கன்ட்ரோலர் மட்டும் உயிரோடிருக்கும். எல்எஸ்பிஎல்கே கட்டளை அதன் அளவைச் சுழியம் என்று காட்டும். விளக்கோ ஜோராக எரியும். அங்கே ஃபார்மட் கட்டளை ‘நோ மீடியம் ஃபவுண்ட்’ என்று கைவிரிக்க, இக்கட்சியினர் சிறிதும் தயங்காமல் நான்காவது கட்சிக்குத் தாவி, ‘புதுசு வாங்கிக்க, இப்பல்லாம் ரொம்ப சீப்பு’ என்பர்.