சகலருக்கும் ஏழா?

கேள்வி (கோரமங்களா): எங்கள் இணையதளத்தில் படம் ஏற்றினால் சர்வர் 'பர்மிஷன் டினைடு' என்கிறது. 777 போட்டால் தீரும் என்கிறார் நண்பர். போடலாமா?

பதில்: வேண்டாம், பூட்டுக்குச் சாவி தேடாமல் சுவரையே இடிக்கும் யோசனை அது. லினக்ஸில் ஒவ்வொரு ஃபைலுக்கும் உரிமையாளர், குழு, ஏனையோர் என மூன்று வர்க்கத்தார் உண்டு. படிக்க 4, எழுத 2, இயக்க 1 என்று ஒவ்வொருவருக்கும் கூட்டிவரும் தொகையே அந்த எண்ணாதலால், 777 என்பது, அந்த இயந்திரத்தில் கணக்குள்ள எவரும், ஏதோவொரு துவாரத்தின் வழியே பிரவேசித்த எந்தப் புரோகிராமும், உங்கள் பக்கங்களை மாற்றி எழுதலாமென்று நீங்களே எழுதிக் கொடுக்கும் சாசனமாகும். வியாதி எண்ணில் அன்று, உடைமையில் இருக்கிறது. உங்கள் பெயரில் உள்ள ஃபோல்டரில், உபுண்டுவிலும் டெபியனிலும் டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா என்ற பெயரோடு ஓடும் வெப் சர்வர் எழுத வந்தால், கர்னல் மறுப்பதே நியாயம். படங்கள் சேரும் ஃபோல்டரை மட்டும் சிஎச்ஓன் கட்டளையால் அதற்கு உடைமையாக்கி, அதனுள் பிஎச்பி ஓடாதபடி சர்வரில் தடையும் இட்டு, மற்றவற்றை உங்கள் பெயரிலேயே, ஃபோல்டர் 755, ஃபைல் 644 என்று வையுங்கள். டேட்டாபேஸ் பாஸ்வேர்டு உள்ள ஃபைலைச் சர்வரின் குழுவுக்கு மாற்றி, 640 போடுங்கள். பிற்காலத்தில் ஃபாஸ்.இன் எனப் பெயர் பூண்ட 'லினக்ஸ் பெங்களூர்' மாநாட்டை 2001 முதல் தொண்டர்களே கூட்டி, இவ்வித்தையை விரும்பியவர்க்கெல்லாம் போதித்த நகரம் இது. இங்கே ஒருவர் 777 போடுவது எனக்கு மெய்யாகவே துக்கம் தருகிறது.

கேள்வி (மல்லேஸ்வரம்): பத்திரமாக இருக்கட்டுமென்று ஃபோல்டர் உள்பட அனைத்துக்கும் 644 போட்டேன், தளமே 403 என்று நிற்கிறது.

பதில்: ஃபோல்டரைப் பொறுத்தவரை அந்த 1 என்பது உள்ளே கடந்துசெல்லும் உரிமை, அதை நீக்கினால், உள்ளிருக்கும் ஃபைல்களின் பெயர்கள் தெரியலாமே தவிர, அவற்றை அடைய முடியாது. தளம் ஹோம் ஃபோல்டருக்குள் இருக்கிறதாவென்றும் பாருங்கள்: உபுண்டு 21.04 முதல் புதிய ஹோம் ஃபோல்டர்கள் 750 ஆகவே பிறப்பதால், சர்வர் அங்கேயே தடுக்கப்படும். தளத்தை வார் என்னும் ஃபோல்டரின் கீழ் மாற்றுவதே உத்தமம்.

கேள்வி (ஜெயநகர்): நால்வர் ஒரே தளத்தில் வேலை செய்கிறோம், ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்த முடியவில்லை. நால்வருக்கும் ரூட் பாஸ்வேர்டு கொடுத்துவிடலாமா?

பதில்: கொடுத்தால், விபரீதம் சம்பவித்த அன்று லாகில் நான்கு பெயர் இராது, ஒரே பெயர் இருக்கும், அது நால்வரில் எவருடையதுமன்று. நால்வரையும் ஒரு குழுவில் சேர்த்து, ஃபோல்டரின் குழுவையும் அதுவாக்கி, 2775 கொடுங்கள். முன்னிற்கும் அந்த 2, புதிய ஃபைல் ஒவ்வொன்றையும் அக்குழுவுக்கே உரியதாக்கும். புதிய ஃபைலில் எந்த உரிமைகளை விலக்குவதென்று சொல்லும் யூமாஸ்க்கும் நால்வருக்கும் 002 ஆக இருக்கட்டும். 022 என்றிருந்தால் குழு படிக்கலாம், எழுத முடியாது.