சொம்பா, அண்டாவா?

கேள்வி: ஹைபிரிட் காரிலும் பேட்டரி, மின்காரிலும் பேட்டரி. அப்புறம் என்ன வித்தியாசம்?

பதில்: சொம்புக்கும் அண்டாவுக்கும் உள்ள வித்தியாசம். மாருதி கிராண்ட் விட்டாரா ஸ்ட்ராங் ஹைபிரிட்டின் பேட்டரி முக்கால் யூனிட் மின்சாரம்தான் கொள்ளும். டாடா நெக்ஸான் மின்காரின் பெரிய பேட்டரியோ 45 யூனிட். 1997-ல் ஜப்பானில் டொயோட்டா பிரியஸ் விற்பனைக்கு வந்தது முதலே இந்த வகை ஹைபிரிட்டின் வேலை, பிரேக்கில் வீணாகும் சக்தியைப் பிடித்துப் பெட்ரோலை மிச்சப்படுத்துவது. ஆனால் வயிற்றுக்குக் கேட்பது பெட்ரோல் மட்டுமே. 'ஸ்மார்ட் ஹைபிரிட்' என்று எழுதியிருந்தால் விசாரித்து வாங்க வேண்டும். அந்த மோட்டார் இன்ஜினுக்குக் கைகொடுக்கும், தனியாகக் காரை நகர்த்தாது.

கேள்வி: சேவுகம்பட்டியிலிருந்து குடும்பத்தோடு கொடைக்கானல் ஏறினால் மின்காருக்கு மூச்சு வாங்குமா?

பதில்: வத்தலக்குண்டு, காட்ரோடு வழியாக ஏறத்தாழ 1,800 மீட்டர் ஏற்றம். ஆட்களோடு 1,800 கிலோ எடையுள்ள காரை அவ்வளவு உயரம் தூக்க மட்டுமே சுமார் 9 யூனிட் போகும். தூரத்துக்கான செலவு தனி. 45 யூனிட் பேட்டரியை நிரப்பிக்கொண்டு கிளம்பினால் பயமில்லை.

இறங்கும்போதுதான் மின்காரின் சாமர்த்தியம் தெரியும். மோட்டாரே பிரேக்காகி, ஏற்றத்தில் செலவானதில் நல்ல பங்கைப் பேட்டரிக்குத் திருப்பித் தரும். ஹைபிரிட்டும் இதையே செய்கிறது. ஆனால் அதன் பேட்டரி சில வளைவுகளிலேயே நிரம்பிவிடும், மிச்ச மலைக்கு இன்ஜின் பிரேக்தான். ஒரு எச்சரிக்கை: கொடைக்கானலில் மின்காரை நூறு சதவீதம் சார்ஜ் செய்துவிட்டு இறங்கக் கூடாது. திரும்பி வரும் மின்சாரத்துக்கு இடமிருக்காது, பிரேக் கட்டைதான் சூடேறும்.

கேள்வி: தினமும் நிலக்கோட்டைப் பூச்சந்தைக்குப் போய்வரும் அண்ணனுக்கு எது? வாடகைக் கார் ஓட்டும் தம்பிக்கு எது?

பதில்: சொந்த வீடும் வாசலில் 15 ஆம்பியர் பிளக்கும் இருந்தால் அண்ணனுக்கு மின்கார்தான். யூனிட் 9 ரூபாய், யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர் என்று கறாராகவே வைத்தாலும் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், மைலேஜ் 20 என்றால் ஹைபிரிட்டுக்கு 5 ரூபாய். ஜிஎஸ்டியும் மின்காருக்கு 5 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய ஹைபிரிட் கார்களுக்கு 40.

தம்பியின் கதை வேறு. இரவு பத்து மணிக்குத் திருப்பதி சவாரி வந்தால் சார்ஜர் தேடி நிற்க முடியாது. அவருக்கு இப்போதைக்கு ஹைபிரிட்டே சரி. சவாரியெல்லாம் திண்டுக்கல், மதுரையோடு முடிந்துவிடும் என்றால் அவரும் அண்ணனின் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.