சித்தப்பா பாட்டிலுக்கு மட்டும் சாங்கி

செங்காங்

அன்புள்ள அத்தானுக்கு,

"ஏர்போர்ட்டில்தான் வரி கிடையாதாமே, உங்கள் ஆட்கள் அங்கேயே எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு வந்தால் என்ன? எதற்கு ஆளுக்கொரு பெட்டியோடு மாரடிக்கிறார்கள்?" என்று கேட்டிருந்தீர்கள். அடுத்த வாரம் திருச்சிக்குக் கிளம்பும் நம் ஊர்க்காரர் கதையைச் சொன்னால் விளங்கிவிடும்.

டிக்கெட் போட்ட மறுநாளே அவருக்கு வாட்ஸ்அப்பில் பட்டியல் வந்துவிட்டது. கோடாலித் தைலம், டைகர் பாம், சாக்லேட், சென்ட், சித்தப்பாவுக்கு 'ஒரு பாட்டில்'. மனிதர் செங்காங்கில் ரயிலேறினார். வடகிழக்குப் பாதையில் வண்டி மாற வேண்டியதில்லை; ஃபேரர் பார்க்கில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் சையத் ஆல்வி சாலை, முஸ்தபா கடை.

அங்கே இரண்டு தள்ளுவண்டிகள் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்கியாக வேண்டும். ஊர்க்காரர் எதற்கும் பின்வாங்கவில்லை. கோடாலித் தைலத்தை டஜன் கணக்கில் அள்ளினார். 1928-இல் சிங்கப்பூர்ச் சீனர் ஒருவர் தொடங்கிய சரக்கு அது. அது இல்லாமல் வெறுங்கையோடு போனால், சிங்கப்பூரிலிருந்து வந்ததாகவே ஊரில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். காசு கட்டியதும் பையின் வாயைப் பிளாஸ்டிக் பட்டையால் இறுக்கிக் கட்டிக் கொடுத்தார்கள். வீட்டில் கத்திரிக்கோல் தேடி அதை வெட்டுவது தனி வேலை.

இனி வரிக்கு வருவோம். சிங்கப்பூரில் சுங்கத்தீர்வை உள்ளவை மது, புகையிலை, வாகனம், பெட்ரோலிய வகை, அவ்வளவுதான். சாக்லேட்டுக்கும் சென்ட்டுக்கும் ஊர் முழுக்கவே தீர்வை கிடையாது. இல்லாத வரியைச் சாங்கி விமான நிலையத்தில் எப்படித் தள்ளுபடி செய்வது? மிச்சமாவது 2024 முதல் 9 விழுக்காடாகிவிட்ட ஜிஎஸ்டி ஒன்றுதான். சாக்லேட் மூட்டையில் அதை முஸ்தபா இருக்கும் தேக்கா வட்டாரக் கடைகள் விலையிலேயே ஈடுகட்டிவிடும்.

மது விஷயம் வேறு. விஸ்கி போன்றவற்றுக்கு, கலப்பில்லாத ஆல்கஹால் கணக்கில் லிட்டருக்கு 88 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) தீர்வை. 40 விழுக்காடு உள்ள ஒரு லிட்டர் விஸ்கிக்குத் தீர்வை மட்டுமே 35 வெள்ளி 20 காசு. அதன் தலையில் ஜிஎஸ்டியும் ஏறும். புறப்படும் பயணிக்குச் சாங்கியில் இரண்டும் இல்லை. ஆகவே சித்தப்பா பாட்டிலை மட்டும் விமானம் ஏறும்முன் வாங்கினால் போதும்.

கட்டிய ஜிஎஸ்டியைத் திரும்பப் பெறும் வழியும் இருக்கிறது, ஆனால் சுற்றுலாப் பயணிக்குத்தான். குறைந்தது 100 வெள்ளிக்கு வாங்கியிருக்க வேண்டும். இங்கே வேலை பார்ப்பவருக்கும் நிரந்தரவாசிக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. பேரப்பிள்ளையைப் பார்க்க வரும் மாமியார் தன் பெயரில் வாங்கித் தானே கொண்டுபோனால் உண்டு. செங்காங் மருமகன்கள் மாமியாரைக் கடைக்கு அழைத்துப்போகக் காட்டும் ஆர்வத்தில் பாசம் எத்தனை, விழுக்காடு எத்தனை என்று பிரித்துச் சொல்வது கடினம்.

முன்பெல்லாம் தட்டை டிவியையே தூக்கிக்கொண்டு வருவார்களே, நினைவிருக்கிறதா? 2013 ஆகஸ்ட் 26 முதல் இந்திய அரசு அதற்கிருந்த சலுகையை எடுத்துவிட்டு 36 விழுக்காட்டுக்கு மேல் வரி போட்டது. அதோடு அந்த ஊர்வலம் அடங்கிவிட்டது.

இப்போது ஊர்க்காரர் அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில், பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி எடைக்கருவிமேல் நிற்கிறார். முள்ளைப் பார்த்துச் சொல்வது மனைவி; தன் எடையைக் கழித்துச் சொல்வது அவர். ஒவ்வொரு முறையும் தன் எடையைக் கொஞ்சம் கூட்டியே சொல்கிறார், பெட்டி இளைத்துவிடும் என்ற நம்பிக்கையில்.

இந்தியச் சுங்கத்தில் வரியில்லாமல் ஆளுக்கு 2 லிட்டர் மதுதான் விடுவார்கள். அதற்குமேல் கேட்பவர்களிடம் அங்கேயே நீங்கள் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். அக்காவுக்கு என்ன சாக்லேட் என்பதை வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். சனிக்கிழமை அவர் மறுபடியும் முஸ்தபா போகிறார்.

அன்புடன்,
மைத்துனன்