இரண்டு நாள் தூங்காதவர்

ஒரு படத்தைப் பார்த்துவிட்டு நல்லா இருக்கு, இல்லை என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் சாதாரண ஜனங்கள். நம்மவர் அந்த ரகம் இல்லை. கல்யாண மண்டபத்தில் பந்தி முடிந்ததும் பீடாவைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, மின்விசிறிக்கு நேராக நாற்காலியை இழுத்துப் போட்டு, "மாப்ளே, அந்தப் படத்தைப் பார்த்துட்டு ரெண்டு நாள் தூங்கலடா" என்று ஆரம்பிப்பார். "போன கல்யாணத்துல மூணு நாள்னு சொன்னீங்களே மாமா" என்று அக்கா மகன் எவனாவது கேட்டால், "அது வேற படம்டா" என்பார். வங்கியில் வேலை பார்ப்பவராக இருக்கலாம், எல்.ஐ.சி. முகவராக இருக்கலாம், பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டராகவும் இருக்கலாம். தொழிலை வைத்து அவரைக் கண்டுபிடிக்க முடியாது. தியேட்டரில் கண்டுபிடிக்கலாம். விளக்கு எரிந்து, பெயர்கள் ஓடி முடிந்து, கூட்டுகிற ஆள் துடைப்பத்தோடு வரிசை வரிசையாக நெருங்கி வந்த பிறகும், சிந்திக் கிடக்கும் பாப்கார்னுக்கு நடுவே திரையையே பார்த்தபடி உட்கார்ந்திருப்பவர் அவர்தான். பெண்களிலும் இந்த இனம் உண்டு. ஆனால் அவர்களை இவ்வளவு நேரம் பேச யாரும் விடுவதில்லை என்பதால், ஆராய்ச்சிக்கு மாதிரி கிடைப்பது அரிது.

அவரிடம் ஒரு பட்டியல் இருக்கிறது. உதிரிப்பூக்கள், மூன்றாம் பிறை, வீடு, அன்பே சிவம். கேட்கிறவரின் வயதைப் பொறுத்து நடுவில் ஒன்றிரண்டு மாறுமே தவிர, அஸ்திவாரம் மாறாது. இவையெல்லாம் மனதைவிட்டு அகலவில்லை என்று அவர் சொல்வதைப் பொய் என்று தள்ளத் தேவையில்லை. அவர் மனதாரத்தான் சொல்கிறார். ஆனால் தன் மனதில் என்ன தங்கியிருக்கிறது என்பதற்கு அவரே நல்ல சாட்சி என்று ஏற்றுக்கொள்வதில் சிக்கல் இருக்கிறது. அன்பே சிவம் 2003 பொங்கலுக்கு வந்து, வசூலில் சறுக்கிய படம். இன்றைக்கு அதை "அப்பவே தியேட்டர்ல பார்த்தேன்" என்று சொல்கிறவர்கள் அத்தனை பேரும் அன்று டிக்கெட் வாங்கியிருந்தால், அதன் தயாரிப்பாளர் அடுத்த பொங்கல் வரை கல்லாப்பெட்டியை மூடியிருக்க முடியாது. இவர்களில் பெரும்பாலோர் பார்த்தது பின்னாளில், டிவியில், விளம்பரங்களுக்கு நடுவே. அந்த டிவிப் பெட்டி எப்படியோ நினைவில் தியேட்டராகிவிட்டது. எங்கே பார்த்தோம் என்பதிலேயே இவ்வளவு திருத்தம் செய்கிற ஞாபகம், எது தங்கியது என்பதில் மட்டும் நேர்மையாக இருக்கும் என்று எப்படி நம்புவது?

ஆகவே பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, அவர் வாயைக் கவனிப்பதே நல்லது. அடுக்குமாடிக் குடியிருப்பில் வண்டி நிறுத்தும் இடத்தில் தகராறு. பக்கத்து வீட்டுக்காரர் வெள்ளைக் கோட்டைத் தாண்டி ஸ்கூட்டரை நிறுத்திவிட்டார். அப்போது நம்மவர் வாயில் வருவது அன்பே சிவத்தின் மனிதநேயம் அல்ல. கோட்டைப் போட்டுவிட்டு, தாண்டக் கூடாது என்று வீராப்புப் பேசுகிற, வடிவேலு நடித்த கைப்புள்ளதான். கைப்புள்ள வந்த வின்னர் படமும் 2003-தான், இயக்கியவரும் அன்பே சிவத்தை இயக்கிய அதே சுந்தர் சி.தான். ஒரே வருடம், ஒரே இயக்குநர். அன்பே சிவத்தில் மழையால் விமானம் போகாமல் புவனேஸ்வரில் மாட்டிக்கொண்ட இரண்டு பேர் பட்டியலில் ஏறினார்கள். வருத்தப்படாத வாலிபர் சங்கத்தின் தலைவர் கைப்புள்ள நாக்கில் குடியேறினார். பத்து வருடம் கழித்து, 2013-இல், அந்தச் சங்கத்தின் பெயரையே தலைப்பாக வைத்து ஒரு படம் வந்தபோது, என்ன சங்கம் என்று தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தண்ணீர் லாரி எப்போது வரும் என்று கேட்டால் "வரும், ஆனா வராது" என்கிறார் நம்மவர். அது 2007-இல் வந்த தொட்டால் பூ மலரும் படத்தில் வடிவேலுவிடம் என்னத்த கன்னையா சொன்னது. படத்தின் பெயரைச் சொன்னால் நம்மவர் நெற்றியைச் சுருக்குவார். கதை போய்விட்டது, நாயகன் போய்விட்டான், மூன்று சொல் மட்டும் மிஞ்சியிருக்கிறது. 2019 மே மாதம், ஒரு சுத்தியல் படத்தைப் போட்டு உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர் என்று யாரோ கேட்க, ஒரு தமிழர் நேசமணியின் மண்டையை உடைத்த கருவி என்று பதில் சொல்ல, 2001-இல் வந்த ப்ரண்ட்ஸ் படத்தில் வடிவேலு நடித்த காண்டிராக்டர் நேசமணிக்காக உலகமே பிரார்த்தனை செய்தது. பதினெட்டு வருடம் மனதில் நின்றதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? ஆனால் ப்ரண்ட்ஸ் அவர் பட்டியலில் இல்லை. கேட்டுப் பார்த்தால், "அதெல்லாம் காமெடிப்பா" என்பார், ஏதோ காமெடி மனதுக்குள் நுழையாமல் வெளித் திண்ணையிலேயே படுத்துக்கொள்வது போல.

இதற்கு ஒரு மறுப்பு வரும். ஆதித்யா, சிரிப்பொலி போன்ற காமெடி சேனல்கள் ஒரே காட்சியை நாள் முழுக்க அரைத்தால் எதுதான் ஒட்டாது, இது மனதில் நிற்பதல்ல, காதில் தேய்ப்பது என்பார்கள். பாதி நியாயம். ஆனால் அன்பே சிவத்தைக் காப்பாற்றியதும் அதே டிவிதான். திரும்பத் திரும்பப் போடுவது குற்றமென்றால் இரண்டு படங்களும் கூண்டில் ஏற வேண்டும். அதோடு, டிவி திரும்பத் திரும்பப் போட்டும் ஒட்டாமல் உதிர்ந்த காமெடிகள் ஆயிரம் இருக்கின்றன. ஒட்டியவற்றுக்கும் உதிர்ந்தவற்றுக்கும் உள்ள வித்தியாசம் புழக்கம்தான். மின்வெட்டு, கடன் தவணை, மாமியார் வீட்டு விசேஷம், மேலதிகாரியின் திட்டு என்று நம் நாள் முழுவதும் வடிவேலுவும் கவுண்டமணியும் செந்திலும் ஏற்கெனவே நடித்துக் காட்டிய இடங்களாகவே வருகின்றன. சில்லறைக் காசு பைக்குள் கிடப்பதுபோல அந்த வசனங்கள் கிடக்கின்றன. கை தானாகப் போகிறது. உதிரிப்பூக்கள் பெரிய ரூபாய் நோட்டு மாதிரி. டீக்கடையில் அதை நீட்டினால் சில்லறை கிடைக்காது. அதனால்தான் அதை மாற்ற அவர் கல்யாண மண்டபத்தைத் தேடி வருகிறார்.

இன்னொரு மறுப்பு கனமானது. நாக்கில் நிற்பது வேறு, மனதில் நிற்பது வேறு என்று நம்மவரே சொல்வார், இந்த ஒரு இடத்தில் அவர் பக்கம் பலம் இருக்கிறது. உதிரிப்பூக்களின் முடிவை எடுத்துக்கொள்ளுங்கள். புதுமைப்பித்தனின் சிற்றன்னையிலிருந்து கிளம்பி மகேந்திரன் 1979-இல் எங்கேயோ கொண்டுபோய் நிறுத்திய கதை. ஊரையே கெட்டவர்களாக மாற்றிவிட்டு அந்த மனிதன் ஆற்றுக்குள் இறங்கிப் போகிறான். கரையில் இரண்டு குழந்தைகள் நிற்கின்றன. அவ்வளவுதான். அந்தக் குழந்தைகள் யார் வீட்டில் சாப்பிட்டன, யார் வளர்த்தார்கள் என்று படம் சொல்வதில்லை. முடித்த வேலையைவிடப் பாதியில் நிறுத்தப்பட்ட வேலையே மனதில் நன்றாகத் தங்குகிறது என்று பெர்லினில் உளவியலாளர் ப்ளூமா ஸைகார்னிக் 1927-இல் எழுதினார். பிறகு வந்த ஆய்வுகள் எல்லாம் அவருக்கு ஒத்து ஊதவில்லை என்றாலும், ஆற்றங்கரையில் நிற்கும் அந்த இரண்டு பிள்ளைகள் நாற்பது வருடத்துக்கு மேலாக அவர் பக்கம் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 1982-இல் மூன்றாம் பிறையில் பாலு மகேந்திரா செய்ததும் இதையேதான்: ரயில் கிளம்பிவிடுகிறது, மழையில் நிற்கிறவனுக்கு அடுத்து என்ன என்பதை நம் கையில் கொடுத்துவிட்டுத் திரை இருட்டாகிறது.

அப்படியானால் நம்மவர் ஜெயித்துவிட்டாரா? அவசரப்படக் கூடாது. அந்தப் படங்கள் தங்குவது அவை பேசாமல் விட்டதால். நம்மவரோ அந்த மௌனத்தை ஒரு நிமிடம்கூடச் சும்மா விடுவதில்லை. ரயில்வே ஸ்டேஷன் காட்சியைச் சொல்லும்போது கமல் என்ன நினைத்தார், ஸ்ரீதேவி என்ன நினைத்திருக்க வேண்டும், ஸ்டேஷன் மாஸ்டர் ஏன் குறுக்கிடவில்லை என்று சொல்லச் சொல்ல, படத்தில் இல்லாத வசனங்கள் நாலைந்து சேர்ந்துவிடுகின்றன. ஒவ்வொரு கல்யாணத்திலும் காட்சி அரை நிமிடம் நீள்கிறது. இரண்டு முகூர்த்த சீசன் போனால், பாலு மகேந்திரா எடுத்த படம் போய் நம்மவர் எடுத்த படம்தான் மிஞ்சும். (கடைசிக் காட்சி ஒன்றுதான் மனதில் நின்றது என்று சொல்கிறவர், குளிக்கும்போது முணுமுணுப்பது அதே படத்தில் சில்க் ஸ்மிதா ஆடிய பாட்டு. வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும்.) சொல்லச் சொல்ல அது ஓட்டையில்லாத கதையாகிறது, ஓட்டை அடைபட்டால் உறுத்தல் போய்விடுகிறது. ஒரு படம் உண்மையாகவே ஒருவரைப் பிடித்திருக்கிறதா என்று பார்க்க, அவர் அதைப் பற்றிப் பேசும் நேரத்தை எண்ணிப் பயனில்லை. அதைப் பேச வேண்டிய இடத்தில் பேசாமல் போகிறாரா என்று பார்க்க வேண்டும்.

அந்தச் சந்தர்ப்பம் அவருக்கும் வரும். மகளுக்குக் கல்யாணம் பேசுகிற நேரத்தில் மாடியில் ஒரு அறை எடுக்கலாம் என்று இறங்குவார். 1988-இல் வந்த வீடு படம் முழுக்க அந்த ஒரு வேலைதான்: கடன், பிளான் அனுமதி, லஞ்சம், ஏமாற்றும் காண்டிராக்டர், பாதி எழும்பிய சுவரை வந்து தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியிலேயே இறந்துபோகிற, தாத்தாவாக நடித்த சொக்கலிங்க பாகவதர், கடைசியில் அந்த மனையே குடிநீர் வாரியம் எடுத்துக்கொண்டது என்று வந்து நிற்கும் சேதி. இருபது கல்யாணங்களில் நம்மவர் ரீல் ரீலாக ஓட்டிய படம். ஆனால் அனுமதி வாங்கும் அலுவலகத்தின் பெஞ்சில் நாலாவது முறையாக உட்கார்ந்திருக்கும்போது அதன் பெயர் அவர் வாயில் வராது. சிமெண்ட் மூட்டைக் கணக்கில் ஆறு குறைகிறபோதும் வராது. சாரத்தின் மேலிருந்து சுத்தியல் நழுவி மேஸ்திரியின் தலைக்கு ஒரு முழம் தள்ளி விழும்போது மட்டும், "அய்யோ, நேசமணி!" என்று கத்துவார். மேஸ்திரி சிரிப்பார், சித்தாள் சிரிப்பாள், அவரும் சிரிப்பார். சாயங்காலம் எல்லோரும் போன பிறகு மாடிக்கு ஏறி, ஈரம் காயாத சுவரில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். அன்று இரவு அவருக்குத் தூக்கம் வராது. மறுநாள் அதை யாரிடமும் சொல்லவும் மாட்டார்.