எத்தனை டன் தாங்கும்?

எங்கள் தெருவில் பொறியியல் பட்டம் வாங்கியவர்கள் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறோம். ஆனால் வேலூர் சத்துவாச்சாரிக்கு வந்து, ‘இன்ஜினியர் வீடு எது?’ என்று கேட்டால், எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை நிறுத்திவிட்டுப் பட்டாளத்தில் சேர்ந்த சுபேதார் வீட்டைத்தான் கைகாட்டுவார்கள். மோட்டார் தண்ணீர் ஏற்றவில்லை என்றால் நாங்கள் யூடியூப் பார்ப்போம். அவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஃபுட் வால்வைக் கழற்றுவார்.

வேலூர்ப் பக்கம் மிலிட்டரிக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. கம்மவான்பேட்டை என்றே ஓர் ஊர், வீட்டுக்கு வீடு ஆள் அனுப்பி ‘ராணுவப்பேட்டை’ என்று பெயர் வாங்கியிருக்கிறது. எங்கள் சுபேதார் மெட்ராஸ் சாப்பர். 1780-இல் தொடங்கி, இன்று பெங்களூரு அல்சூர் ஏரிப் பக்கம் தலைமையிடம் வைத்திருக்கும் மெட்ராஸ் என்ஜினியர் குரூப்பின் ஆள். படை போவதற்கு முன்பே போய்ப் பாலம் போடுவதும் கண்ணிவெடி எடுப்பதும் அவர்கள் வேலை. “ஜெயிச்சவன் போட்டோ எடுத்துக்குவான். நாங்க போட்ட பாலத்து மேல நின்னுதான் எடுத்துக்குவான்” என்பார்.

ராணுவப் பாலத்தின் முகப்பில் மஞ்சள் வட்டத்துக்குள் கறுப்பில் ஓர் எண் இருக்கும். எந்த ‘கிளாஸ்’ வண்டிவரை பாலம் தாங்கும் என்பதற்கான எண்; ஏறக்குறைய டன் கணக்கு. பணி ஓய்வில் வந்தவர் இந்த வழக்கத்தையும் டிரங்குப் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்துவிட்டார். எங்கள் வாசல் சாக்கடை மேலிருக்கும் சிமெண்ட் பலகையில் ஒருநாள் காலை மஞ்சள் வட்டம் முளைத்தது: 3. ஆட்டோ வரலாம், தண்ணீர் லாரி கூடாது. கூரியர் பையன்கள் அதைக் கதவு எண் என்று நினைத்து, மூன்றாம் நம்பர் வீட்டுப் பார்சல்களை எங்களிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். தேர்தல் சமயத்தில் ஒருவர், இது எந்தக் கட்சியின் சின்னம் என்று விசாரித்தார்.

அவர் வீட்டு ஊஞ்சலுக்குக் கால் டன். கல்யாணத்துக்கு வந்த சம்பந்தி வீட்டுப் பெண்கள் நான்கு பேர் சேர்ந்து உட்காரப் போனபோது, வட்டத்தைக் காட்டி, “ஒருத்தர் எறங்கிக்குங்க” என்றார். அந்த ஒருத்தர் யார் என்பதில் வந்த மனத்தாங்கல் சீமந்தம்வரை நீடித்தது.

மனிதர்களுக்கும் எண் வைத்திருந்தார், வட்டம்தான் வரையவில்லை. நீட் தேர்வை மூன்றாம் முறை எழுதவிருந்த பையனின் அம்மாவிடம், “அவன் கிளாஸ் மூணும்மா. அவன் மேல போய் பத்து டன்ன ஏத்தறியே” என்றார். அந்த அம்மா பல நாள் அவரோடு பேசவில்லை. பையன் பி.எஸ்சி. சேர்ந்தான்; இப்போது ராத்திரியில் தூங்குகிறான். என் எண் என்ன என்று கேட்டேன். மேலும் கீழும் பார்த்துவிட்டு, “இன்னும் டெஸ்ட் ஆவல தம்பி” என்றார்.

1971 டிசம்பரில், பாகிஸ்தான் போரின்போது, சக்கர்கர் முனையில், பசந்தர் ஆற்றுப் பக்கம் டாங்கிகள் போகக் கண்ணிவெடி வயலில் வழி செய்தவர்களில் அவரும் உண்டு. கதை கேட்க உட்கார்ந்தால் ஏமாற்றம்தான். குளிர், சேறு, ஆறிப்போன டீ. அந்த டீயைத் திட்டியே கால் மணி நேரம் ஓட்டிவிடுவார். அந்த இரவு எப்படி இருந்திருக்கும் என்பது எங்கள் வீட்டு செப்டிக் டேங்க் நிரம்பிய அன்றுதான் எனக்குக் கொஞ்சம் பிடிபட்டது.

டேங்கின் மூடி எங்கே என்று தெரியவில்லை. அப்பா அதன் மேல் மண் கொட்டிக் கனகாம்பரம் வைத்திருந்தார். கழிவுநீர் லாரி, மஞ்சள் வட்டத்துக்கு அந்தப் பக்கமாக, உறுமிக்கொண்டு நிற்கிறது. சுபேதார் ஒரு நீளக் கம்பியோடு வந்து குப்புறப் படுத்தார். கம்பியை நேராகக் குத்தக் கூடாதாம். வெடியின் தலையில் அழுத்தம் விழுந்தால் தீர்ந்தது. முப்பது டிகிரி சாய்வில் மெல்ல நுழைத்து, அதன் பக்கவாட்டைத் தொட வேண்டுமாம். “பெரியவரே, செப்டிக் டேங்க் வெடிக்காது” என்றார் லாரிக்காரர். “நீ பாத்தியா?” என்றார் இவர்.

சாண் சாணாக முன்னேறினார். பார்த்து முடித்த பாதையின் இருபுறமும் வெள்ளை நாடா விரிக்க வேண்டும், பின்னால் வருபவர்கள் அதற்குள்தான் கால் வைக்க வேண்டும் என்பது விதி. உத்தரவு போனதும் சுபேதாரம்மா பாவாடை நாடாச் சுருளை எடுத்து வந்தார். எண்பதை நெருங்கும் மனிதர் கனகாம்பரத்துக்கு நடுவே ஊர்ந்து போக, பின்னாலேயே பாவாடை நாடா விரிந்து போக, தெருவே காம்பவுண்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. கொஞ்ச நேரம்தான். பிறகு எல்லோரும் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம். கம்பி அசைவது தெரியவில்லை. உள்ளே இறங்குவது மட்டும் தெரிந்தது. ‘டக்’கென்று சத்தம் வந்தபோது முதலில் பின்வாங்கியவர் லாரிக்காரர்.

2024-இல் வயநாடு நிலச்சரிவின்போது, சூரல்மலையில் மெட்ராஸ் சாப்பர்கள் 190 அடி பெய்லி பாலம் கட்டியதை டிவியில் பார்த்தார். பார்த்தார் என்பது தவறு, மேற்பார்வை செய்தார். பத்தடி நீளப் பேனல் ஒவ்வொன்றும் சுமார் 260 கிலோ, தூக்க ஆறு பேர் வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொண்டே, நடுநடுவே, “பின்னை அடிடா!” என்று டிவிக்கு ஆணையிட்டார். சுபேதாரம்மா ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தைக் குறைத்தார். இவருக்கு ரிமோட் இல்லை. முதல் வண்டி பாலத்தில் ஏறியபோதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். “இருபத்திநாலு டன்” என்றார். கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

குடிக்க மாட்டார். அதனால் அவருடைய கேன்டீன் கோட்டாவை உத்தேசித்துத் தெருவில் அவருக்கு நண்பர்கள் அதிகம். யாருக்கும் ஒரு பாட்டில் வந்ததில்லை, வந்ததெல்லாம் ஹார்லிக்ஸ். எல்லாம் ஒரு கணக்குக்காக. மத்திய அரசு ஓய்வூதியத்தில் எண்பது வயதானால் அடிப்படைத் தொகையில் 20 சதவீதம் கூடும். எண்பத்தைந்தில் 30, தொண்ணூறில் 40, தொண்ணூற்றைந்தில் 50, நூறில் 100. “கடைசியில ஒரே தாவு, டபுள்! எதுக்கு வெச்சிருக்கான்? எவனும் வர மாட்டான்னுதான். நான் போவேன்” என்பார். ஆனால் ஒவ்வொரு நவம்பரிலும் உயிர்வாழ்ச் சான்று கொடுக்கப் போனால், இயந்திரம் அவர் கட்டைவிரலை ஏற்காது. இரும்பும் கயிறும் பிடித்த கையில் ரேகை எங்கே மிச்சம்? “ரேகதான் தேஞ்சிச்சி, ஆளு தேயல, எழுதிக்க” என்று எதிரில் இருப்பவரை மிரட்டுவார்.

எண்பத்து நான்கில், தூக்கத்திலேயே போய்விட்டார். அடுத்த 10 சதவீதத்துக்குச் சில மாதங்கள்தான் பாக்கி. பாடையைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டு வாசல் பலகையைத் தாண்டும்போது, முன்னால் போன ஆட்டோக்காரர் திரும்பி, “காலு சேத்து வெக்காதீங்கப்பா, பாலம்!” என்று கத்தினார். பாலத்தின் மேல் பட்டாளம் அடி சேர்த்து நடக்காது என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் மேலே படுத்திருந்தார். ஆளுக்கொரு அடியாகத் தடுமாறியபடி தாண்டினோம்.

நவம்பரில் சுபேதாரம்மாவை நான்தான் காரில் அழைத்துப் போனேன். அவர் விரலை வைத்ததும் இயந்திரம் ஏற்றுக்கொண்டது. “எனக்கு எண்பதுக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்குது. நூறுக்கு டபுள்னு அவரு சொல்லுவாரே, குடும்பப் பென்ஷனுக்கும் உண்டா?” என்று கேட்டார். உண்டு என்றார்கள். வெளியே வந்து காரில் ஏறியவர் வீட்டுப் பக்கம் திருப்ப விடவில்லை.

“கேன்டீனுக்கு உடு. ஹார்லிக்ஸ் தீந்து போச்சி.”