காத்து மாறும் வரை பலேர்மோ

பலேர்மோ துறைமுகம்,
இத்தாலி.

அன்புள்ள அத்தானுக்கு,

காளிகேசம் ரோட்டுல மறுபடியும் யானை இறங்கிட்டுன்னு அம்மா சொன்னா. விடியும் முன்ன தலையில டார்ச்சைக் கட்டிக்கிட்டு ரப்பர் பால்வெட்டப் போற ஆளு நீங்க. பாத்துப் போங்க.

ஒரு காரியத்தை முதல்லயே சொல்லிருதேன். எனக்குப் பொண்ணு பாக்கிற அக்கா, நான் கப்பல்ல ஆபீசர்னு கீரிப்பாறையில தொடங்கி தடிக்காரன்கோணம் வரைக்கும் பரப்பி வச்சிருக்கா. இது கப்பலே கிடையாது, பாய்மரப் படகு. முதலாளியும் அவரு கூட்டுக்காரங்களும் மேல வெயில் காயுதாங்க, கேப்டன் சுக்கான் பிடிக்காரு, நான் கீழ அடுக்களையில உருளைக்கிழங்கு உரிக்கேன். பொண்ணு வீட்டுக்காரங்க கிட்ட இதைச் சொல்லணும்னு இல்ல. ஆனா சொந்த அக்காவுக்காவது உண்மை தெரியணும்லா?

சார்டீனியாவில இருந்து மால்டாவுக்குப் போற வழியில சிரோக்கோ எங்களைப் பிடிச்சு பலேர்மோவில போட்டுட்டு. சகாராவில இருந்து கிளம்பி கடலைத் தாண்டி வர்ற அனல் காத்து அது. சும்மா வராது, பாலைவனத்துத் தூசியையும் சேர்த்து அள்ளிட்டு வரும். நான் காயப்போட்ட வெள்ளைச் சட்டை அஞ்சு நிமிஷத்துல காவியாகிட்டு. அதைப் பாத்துட்டு கேப்டன், "காத்து மாறட்டும், எல்லாரும் ஊரைச் சுத்திட்டு வாங்க"ன்னுட்டாரு.

படகு கட்டியிருக்கிற லா காலா, ஊரோட பழைய துறைமுகம். கரை ஏறி நாலு எட்டு வச்சா ஒரு சின்னப் பூங்கா, அதுல ராட்சச அத்தி மரம் ஒண்ணு நிக்குது. பூர்வீகம் ஆஸ்திரேலியாவாம். விழுது விட்டு, விழுது ஊனி, தானே தோப்பாகிட்டு. வேலிக்கு வெளிய நீட்டிட்டு இருந்த ஒரு இலையைக் கிள்ளினேன். வெள்ளையாப் பால் வடிஞ்சுது! இத்தனை பெரிய பால் மரத்தை ஒரு கீறல் போடாம நிறுத்தி, சுத்தி நின்னு போட்டோ எடுக்கிறாங்க. நீங்க பாத்திருந்தா கத்தியத் தேடியிருப்பீங்க.

காய்கறி வாங்க பல்லாரோ சந்தைக்குப் போனேன். வியாபாரி விலையைச் சொல்ல மாட்டான், ராகம் போட்டுக் கூவுதான். மூக்கு வாளா நீண்ட மீனோட தலையை ஐஸ்மேல நட்டு வச்சிருக்கான், வாள் ஆகாசத்தைக் குத்திக்கிட்டு நிக்குது. பக்கத்துலயே கூடை கூடையா நம்ம சாளை. சந்தோஷமா வாங்கப் போனா, அதை இவங்க சமைக்கிற விதத்தைச் சொன்னாங்க. பெருஞ்சீரகச் செடியோட இலையை வேக வச்சு, சாளையைச் சேத்து, அதுல கிஸ்மிஸ் போட்டு, பாஸ்தாவில பிரட்டணுமாம். சாளையில கிஸ்மிஸ்! புளியும் கிடையாது, தேங்காயும் கிடையாது. அம்மா கேட்டா சாமி ஆடிருவா. ஆனா உள்ளதைச் சொல்லணும், தின்னா குத்தம் சொல்ல முடியல்ல. 831-ல அரபிகள் இந்த ஊரைப் பிடிச்சு இருநூறு வருசத்துக்கு மேல ஆண்டிருக்காங்க. மீனுல இனிப்பைச் சேக்கிற புத்தி அவங்க விட்டுட்டுப் போனதுன்னு இங்க உள்ளவங்க சொல்லுதாங்க. அதே சந்தையில கடலைமாவைக் கிண்டி, ஆற வச்சு, வில்லையா வெட்டிப் பொரிச்சு, பன்னுக்குள்ள வச்சுத் தாறாங்க. அதுக்கு பனெல்லேன்னு பேரு. நான் ரெண்டு தின்னேன்.

இன்னொரு கடையில மாட்டு மண்ணீரலை வேக வச்சு, சீவி, பன்றிக் கொழுப்புல வதக்கி, எள்ளுப் பன்னுக்குள்ள வச்சுத் தாறாங்க. கடைக்காரர் என் முகத்தைப் பாத்து, "கல்யாணம் ஆனதா, ஆகாததா?"ன்னாரு. எனக்குப் பகீர்னு ஆகிட்டு. அக்கா இங்கயும் தரகர் வச்சிட்டாளோ? பிறகுதான் விசயம் தெரிஞ்சுது: எலுமிச்சை மட்டும் பிழிஞ்சா ஆகாதது, சீஸ் சேத்தா ஆனது. நான் ஆகாததையே வாங்கினேன். அக்காகிட்ட இதைச் சொல்லிராதீங்க.

கப்புச்சின் மடத்து நிலவறையில எட்டாயிரம் பிணத்தை உடுப்பு மாட்டி வச்சிருக்காங்களாம், டிக்கெட் எடுத்துப் பாக்கணும். நான் போகல்ல. செத்தவங்க வீட்டுக்கு நம்ம ஊருல சும்மாவே போகலாம்.

சாயங்காலம் மோந்தே பெல்லெக்ரினோ மலைக்கு பஸ் ஏறினேன். சாந்தா ரோசாலியாங்கிற புனிதையோட குகைக்கோயில் அங்க இருக்கு. 1624-ல துனிசில இருந்து வந்த ஒரு கப்பலோட இந்த ஊருக்குள்ள பிளேக் நுழைஞ்சிருக்கு. அந்த வருசமே குகையில இவ எலும்பு கிடைக்க, அதை ஊர்வலமாக் கொண்டுவந்த பிறகு நோய் அடங்கிட்டுன்னு நம்பிக்கை. இன்னைக்கும் ஜூலை 14 ராத்திரி தேர் இழுக்கிறாங்க. 2024-ல 400-வது விழா.

குகையோட கூரையில இருந்து சதா தண்ணி சொட்டுது. கும்பிடுறவங்க தலையில விழாம இருக்க, பாறை முழுக்க தகரத்தைக் குறுக்கும் நெடுக்குமா சாய்ச்சு அடிச்சு, தண்ணியை ஒரு பக்கமா இறக்கிருக்காங்க. நீங்க பட்டையில கோடு கீறி, தகரம் அடிச்சு, சிரட்டைக்குப் பாலை இறக்குவீங்கல்லா, அச்சு அசல் அதே வேலை. எனக்கு சாமியை விட்டுட்டு கூரையைப் பாக்கத்தான் தோணிச்சு.

அப்பத்தான் அக்கா போன். விவரம் கேட்டுட்டு, "அந்த அம்மாகிட்ட உனக்கு ஒரு நல்ல பொண்ணு அமையணும்னு வேண்டிக்க"ன்னா. அத்தான், இந்த ரோசாலியா பெரிய இடத்துப் பிள்ளை. கல்யாணம் வேண்டாம்னு வீட்டை விட்டுட்டு குகைக்குள்ள போய் இருந்தவள்னு கதை. அவ காலடியில நின்னு நான் பொண்ணு கேக்கணுமாம்!

சிரிச்சுக்கிட்டே திரும்பினா பின்னால தமிழ். நெத்தி நிறைய திருநீறு பூசின ஒரு அம்மா மெழுகுதிரி கொளுத்திட்டு நிக்காங்க. யாழ்ப்பாணத்துக்காரங்க. எண்பதுகள்ல சண்டைக்குத் தப்பி வந்த தமிழருங்க ஒருபாடு பேரு இந்த ஊருல குடியிருக்காங்க. சைவம், கிறிஸ்தவம்னு பாக்காம ஞாயித்துக்கிழமை மலை ஏறிருதாங்க. கோட்டாறு சவேரியார் கோயிலுக்கு நீங்க போகல்லியா?

"தம்பி, எந்த இடம்?"

"நாரோயில் பக்கம்மா, கீரிப்பாறை."

"கதையைக் கேட்டால் மலையாளம் மாதிரிக் கிடக்கு. கேரளாவோ?"

"1956 நவம்பர் 1 அன்னைக்கே நாங்க தமிழ்நாட்டுல சேந்தாச்சும்மா. சேதி இங்க வந்து சேரல்லியா?"

அவங்களுக்குச் சிரிப்பு அடங்கல்ல. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் சோறும் மீன்குழம்பும் போட்டாங்க. கிஸ்மிஸ் இல்லாத சாளை! நான் ரெண்டாவது கோரி ஊத்தும்போது மெதுவா, "கலியாணம் கட்டிட்டியளோ?"ன்னாங்க. இல்லைன்னேன். "எங்கட ஆக்களுக்கை நல்ல பிள்ளையள் இருக்கு. சாதகம் கைவசம் இருக்கோ?"

சாதகம் அக்காகிட்டதான் இருக்குன்னு வாய் தவறி உளறிட்டேன். உடனே அக்கா நம்பரை எழுதி வாங்கிட்டாங்க.

காத்து மேக்க திரும்பிட்டு, கேப்டன் கயிறு அவுக்கச் சொல்லுதாரு. பணம் திங்கக்கிழமை அனுப்புதேன். 39-ல தொடங்குற இத்தாலி நம்பர்ல இருந்து போன் வந்தா அக்காவை மட்டும் எடுக்க விட்டிராதீங்க.

அன்புள்ள
மச்சினன்